டவர் அக்கா

கீரனூரில் எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் போய்விட்டால் கம்பெனிக்காரனை யாரும் திட்ட மாட்டார்கள். டவர் அக்காவைத்தான் திட்டுவார்கள். "பேருதான் டவர்ல வேலை. குடியிருக்கிற தெருவுக்கு ரெண்டு கோடு சிக்னல் குடுக்க வக்கில்ல" என்பார்கள்.

அக்காவுக்கு வேலை திருச்சி விமான நிலையத்தில். உயரத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிற போகிற விமானங்களுக்கெல்லாம் ஏறு, இறங்கு, கொஞ்சம் பொறு என்று ரேடியோவில் சொல்கிற அதிகாரி. அந்த வேலைக்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. குடிவந்த புதிதில் யாரோ விசாரித்தபோது அதைச் சொல்லச் சோம்பல்பட்டு, "டவர்ல வேலை" என்று சொல்லிவிட்டார். அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மழை பெய்து நெட் போனால் ஆட்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

"அது வேற டவருங்க. என்னோடது பிளேன் டவர்."

"பிளேனுக்குப் போறதுல கொஞ்சம் இங்கிட்டுத் திருப்பி விட்டா கொறைஞ்சா போயிரும்?"

அக்கா கோபப்பட மாட்டார். அவர் குரல் எப்போதும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். பால் பொங்கி வழிந்தாலும் அதே குரல், வாசலில் பாம்பு வந்தாலும் அதே குரல். எனக்கோ வாய் நீளம். சில்லறை பாக்கி கேட்டாலே பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதனால் அந்தக் குரல் மேல் எனக்குப் பொறாமை. அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் ஊரில் யாருக்கும் ஆள் தெரியாது.

நான் திருச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பலகையில் உள்ள எழுத்துகளை வருகிறவர்களிடம் காட்டிப் படிக்கச் சொல்வது என் பிழைப்பு. அக்காவுக்குக் காலை ஷிப்ட் வருகிற நாட்களில் இரண்டு பேரும் ஒரே தனியார் பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் போவோம். நாள் முழுக்க நான் ஆட்களைப் படிக்கச் சொல்வேன், அக்கா ஆட்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். அவரைப் பற்றி ஒரே விஷயம்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். "திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்காமல் அவரால் ஒரு பேச்சை முடிக்க முடியாது.

வேலைப் பழக்கம் அது. கோபுரத்திலிருந்து எது சொன்னாலும் பைலட் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இந்த வழக்கத்தை அக்கா பஸ்ஸிலேயும் இறக்கினார்.

"ஏர்போர்ட் ஒண்ணு. வாசலுக்கு நேரா நிறுத்துங்க. தள்ளிப் போய் நிறுத்தாதீங்க."

"சரி மேடம்" என்றார் கண்டக்டர்.

"சரின்னா என்ன? கேட்டுச்சுங்கறீங்களா, ஒத்துக்கறீங்களா, செய்யறேங்கறீங்களா, இல்ல வாயை மூடுங்கறீங்களா?"

கண்டக்டர் நேர்மையான மனுஷர். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலாவதுதான் மேடம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் அக்காவிடம் மட்டும் நாடக வசனம் மாதிரி டிக்கெட் கொடுப்பார். "ஏர்போர்ட் ஒன்று. இறக்கம், வாசலுக்கு நேர். தள்ளிப் போய் நிறுத்தப்பட மாட்டாது. கண்டக்டர் திருப்பிச் சொல்லியாச்சு!" பஸ்ஸே சிரிக்கும். அக்கா சிரிக்க மாட்டார். "திருப்பிச் சொன்னது சரி" என்று தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சாது. சாயங்காலம் காய்கறிக் கடை முன்னால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அரைக் கிலோ கத்திரிக்காய், முத்தல் இல்லாம. கால் கிலோ சின்ன வெங்காயம். கொத்தமல்லி கேட்டு வாங்கணும், சும்மா குடுப்பாங்க" என்று சத்தமாக ஒப்பித்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர் அதைக் கேட்டே நிறுக்க ஆரம்பித்துவிடுவார். வாத்தியாருக்கு இதில் வெட்கமே கிடையாது. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூட தப்பான சாமான் வாங்கினதில்ல" என்று பெருமையாகச் சொல்வார். என் வீட்டுக்காரர் பச்சை மிளகாய் வாங்கப் போய்ப் பஜ்ஜி மிளகாயோடு வந்தவர் என்பதால் நான் பதில் பேசவில்லை.

ஜோசியர் ஒருவர் ஒருமுறை அக்கா வீட்டுக்கு வந்து, "எல்லாம் கூடி வரும்மா" என்றாராம். "எது எதெல்லாம்?" என்று கேட்டிருக்கிறார் அக்கா. "பொதுவாச் சொல்றேன்மா, பாத்து நடந்துக்கங்க." "எதைப் பாத்து?" ஜோசியர் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இவ்வளவையும் கேலியாகச் சொல்கிறேன், ஆனால் ஒரு நாள் எனக்கு அந்த அக்கா தேவைப்பட்டார். புருஷன் வீட்டில் பேச்சு முற்றி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஜன்னலில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தேன். வேறு யாராக இருந்தாலும் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று துருவியிருப்பார்கள். பக்கத்து சீட்டில் இருந்த அக்கா இரண்டே கேள்வி கேட்டார்.

"உன்கூட எத்தனை பேரு?"

"நானும் எம்பொண்ணும்தான்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அந்தக் குரலுக்கு வாய் தானாகப் பதில் சொன்னது. "சாயங்காலம் வரைக்கும் தாங்கும்கா. ராத்திரிக்கு எங்க போறதுன்னு தெரியல." "அப்ப சாயங்காலத்துக்குள்ள இறங்க ஒரு இடம் பாப்போம்" என்றார். பார்த்தும் வைத்திருந்தார், அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை. அங்கே இருந்தபடிதான் என் பிரச்சினையை நான் தீர்த்துக்கொண்டேன். நடுவானில் கஷ்டம் என்று சொல்கிற பைலட்டிடம் முதலில் கேட்க வேண்டியவை அந்த இரண்டு கேள்விகள்தான் என்று பிறகு சொன்னார். விமானத்தில் எத்தனை உயிர், எண்ணெய் எவ்வளவு நேரத்துக்கு. "யார் மேல தப்புங்கறதெல்லாம் இறங்கினப்புறம்."

இப்போது அந்தத் தை மாதக் காலைக்கு வருகிறேன்.

வெயில் ஏறியும் பனி விலகாத நாள். பஸ் கீரனூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருந்தது. அக்காவின் செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். கேட்டபடியே எழுந்து நின்றுவிட்டார்.

"கண்டக்டர், பாட்டை நிறுத்துங்க. வண்டியை ஓரமா நிறுத்துங்க. இங்க சிக்னல் இருக்கு, நகரக் கூடாது. திருப்பிச் சொல்லுங்க."

கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாடகம் இல்லாமல் சொன்னார். "பாட்டை நிறுத்தறேன். ஓரங்கட்டறேன். நகர மாட்டேன்."

பக்கத்து மாவட்டத்தில் விமானம் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி ஒன்று இருக்கிறது. அக்கா அவ்வப்போது அங்கே போய்ப் பாடம் எடுப்பார். ரேடியோ செத்துப் போனால் செல்போன் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடாதீர்கள் என்று சொல்லி, பிள்ளைகளிடம் தன் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு பெண், சென்னைப் பெண், தனியாக ஒரு குட்டி விமானத்தில் கிளம்பியிருக்கிறாள். கிளம்பும்போது வானம் தெளிவாகத்தான் இருந்ததாம். நடுவில் விமானத்தின் மின்சாரம் மொத்தமாகப் போய்விட்டது. ரேடியோ இல்லை, திரை இல்லை. என்ஜின் ஓடுகிறது, முன்னால் ஒரு காந்தத் திசைகாட்டி இருக்கிறது, அவ்வளவுதான். பனி மூடி வழி தெரியவில்லை. செல்போனில் வரைபடம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பள்ளி எண் பிஸி. அடுத்து அவளுக்கு ஞாபகம் வந்தது அக்கா.

விஷயம் சீட்டு சீட்டாகப் பின்னால் போனது. "பிளேன்ல கரண்ட் போயிருச்சாம்." கடைசி சீட்டிலிருந்து, "எப்ப வருமாம்?" என்று கேள்வி வந்தது.

அக்கா என் செல்போனை வாங்கி விமான நிலையக் கோபுரத்துக்குப் போட்டு, நிலைமையை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நான் சொல்றதை அப்படியே அவங்ககிட்டச் சொல்லுங்க. அவங்க சொல்றதை அப்படியே எங்கிட்டச் சொல்லுங்க. உங்க கருத்து எதுவும் வேண்டாம்." என்னை எப்போதும் "நீ" என்பவர். அவசரம் வந்தால் அவருக்கு எல்லோருமே "நீங்க".

பிறகு தன் செல்போனை ஸ்பீக்கரில் போட்டார். அன்றைக்கு அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

"ஆள் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தான் மேடம்." என்ஜின் இரைச்சலுக்கு நடுவில் குரல் நடுங்கியது.

"எண்ணெய் எவ்வளவு நேரத்துக்கு வரும்?"

"அது நிறைய இருக்கு மேடம். போன்லதான் சார்ஜ் இல்ல. சிவப்புக்கு வந்துருச்சு."

அவளைத் தரையோடு பிணைத்திருந்தது அந்தச் சிவப்புக் கோடு மட்டும்தான்.

"கீழே என்ன தெரியுது?"

"பாறை மேடம். பெரிய பாறை. பக்கத்துல ஒரு குளம்."

பஸ் கொதித்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பாறையும் குளமும் இல்லாத ஊரைச் சொல்லியிருந்தால் அது அடையாளம். "நார்த்தாமலைதான், சந்தேகமே இல்ல" என்றார் ஒருவர். "போய்யா, குடுமியான்மலை" என்றார் இன்னொருவர். ஒரு அம்மா, "எங்க ஊரு மாதிரியே இருக்கே" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பின்னாலிருந்து ஒரு குரல் பழக்க தோஷத்தில், "அப்படியே நேராப் போயி டீக்கடையில விசாரிக்கச் சொல்லுங்க" என்றது. சொன்னவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாரும் பேசாம இருங்க" என்றார் அக்கா. பிறகு செல்போனில், "நீங்க சுத்திப் பாருங்க. கட்டடம், கோயில், ஏதாவது?"

"இருங்க மேடம்... ரெண்டு சின்னக் கோயில். ஒரே மாதிரி இருக்கு. பக்கத்துல மூணாவதா ஒண்ணு இருந்த மாதிரி அடித்தளம் மட்டும். சுத்திப் பச்சையா புல்லு."

எங்களுக்கு முன் சீட்டில் குளத்தூர்ப் பக்கத்து இடத் தரகர் ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு செல்போன். இந்த ஜில்லாவில் தான் கால் வைக்காத காடு கிடையாது என்று தினமும் சொல்கிறவர். அவர் துள்ளி எழுந்தார்.

"கொடும்பாளூரு! மூவர் கோயிலு!"

"மூவர் கோயில்னா மூணு இருக்கணுமேய்யா?" என்றார் கண்டக்டர்.

"மூணாவது எந்தக் காலத்துலயோ விழுந்து போச்சுய்யா. நிக்கிறது ரெண்டுதான்."

"உறுதியா?" என்று கேட்டார் அக்கா.

"நூத்துக்கு நூறும்மா. அதுக்குப் பக்கத்துலகூட ஒரு நல்ல இடம் வந்திருக்கு, ரோட்டை ஒட்டி..."

அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நான் கோபுரத்துக்குச் சொன்னேன். "கொடும்பாளூர். ரெண்டு கோயில் இருக்கு. மூணாவது இல்லை." அந்தப் பக்கம் இருந்தவர் என்னை மறுபடி சொல்லச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன புரிந்ததோ. பிறகு, கொடும்பாளூரை ஒட்டிப் போகிற மதுரை ரோட்டுப் பக்கமாக வேண்டாம், அந்த வழியாகப் பெரிய விமானம் ஒன்று இறங்குகிறது, கிழக்கே புதுக்கோட்டை ரோட்டுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து வடக்கே அனுப்புங்கள் என்றார். நாங்கள் நின்றிருந்ததும் அந்தப் புதுக்கோட்டை ரோடுதான், விமான நிலையம் அதன் மேலேயே இருக்கிறது. ரோட்டைப் பிடித்தால் போதும். அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தரகர் செல்போன் பக்கம் குனிந்துவிட்டார். அவருக்கும் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் ஆசை.

"பாப்பா, பயப்படாத. அப்படியே கீழ வா. கீழயே வந்துக்கிட்டு இரு. நம்ம ரோடு வந்துரும்!"

அக்கா அவர் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுச் செல்போனில் கேட்டார். "இப்ப என்ன செய்யறீங்க? திருப்பிச் சொல்லுங்க."

"கீழ இறங்கிட்டிருக்கேன் மேடம். இன்னும் எவ்வளவு கீழ வரணும்?"

எங்கள் பக்கம் கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. கீழத்தெரு, மேலத்தெரு என்று பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய். அதிலும் தரகருக்குப் பத்திரத்தில் கீழ்புறம், மேல்புறம் என்று எழுதி எழுதியே பிழைப்பு. சென்னையில் பிறந்து, வானத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குக் கீழ என்றால் ஒரே அர்த்தம்தான். அவள் சொன்ன பேச்சைக் கேட்டுப் பாறையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இறங்காதீங்க. இருக்கிற உயரத்துலயே இருங்க. திருப்பிச் சொல்லுங்க."

"இறங்கல. இதே உயரம். மேடம், பாறை ரொம்பக் கிட்ட தெரியுது மேடம்."

"தெரியட்டும். இப்ப மெதுவா ஏறுங்க. வானத்தைப் பாத்து ஏறுங்க. திருப்பிச் சொல்லுங்க."

"வானத்தைப் பாத்து ஏறுறேன்."

அக்கா குரல் ஒரு நூல்கூட ஏறவில்லை. காய்கறிக்குச் சொல்கிற அதே குரல். நான்தான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் என்ஜின் சத்தத்தை அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை. சத்தம் கூடியது. கூடிக்கொண்டே போனது. "ஏறிட்டேன் மேடம்" என்றாள். பஸ்ஸில் யாரோ "முருகா" என்றார்கள்.

தரகர் சீட்டில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "நான் கெழக்க வரத்தானம்மா சொன்னேன். எங்க ஆத்தா அப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தானம்மா சொல்லுவோம்" என்று அழ ஆரம்பித்தார். கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "இனிமே இந்த வண்டியில எவனாச்சும் மேல, கீழன்னு வாயைத் திறந்தீங்க, இறக்கி விட்டுருவேன்" என்றார்.

பின்னால் ஒரு அம்மா, "கண்டக்டரே, மேல வச்ச பை விழப் போகுது" என்றார்.

"மேலன்னு சொல்லாதம்மா!"

"பின்ன என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. விழட்டும்."

விழுந்தது. எவர்சில்வர் தூக்கு ஒன்று பஸ்ஸின் நீளத்துக்கும் உருண்டது. சாம்பார் யார் காலில் கொட்டியதோ, அவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா அதற்குப் பிறகு திசைப் பெயரையே சொல்லவில்லை. "திசைகாட்டியில E எழுத்து உங்களுக்கு நேரா வர்ற மாதிரி திரும்புங்க. வந்ததும் சொல்லுங்க." வந்துவிட்டது என்றாள். "அப்படியே நேரா. தண்டவாளமும் ரோடும் பக்கத்துப் பக்கத்துல தெரியும். தெரியற வரைக்கும் பேச வேண்டாம், சார்ஜை மிச்சம் பண்ணுங்க. லைனை மட்டும் வெட்டாதீங்க."

காத்திருந்தோம். அந்த நேரத்தில் எங்களுக்குப் பின்னால் வரவேண்டிய பஸ் வந்துவிட்டது. இந்த இரண்டு பஸ்ஸுக்கும் கலெக்‌ஷனில் தீராத பகை. ஒன்றை ஒன்று முந்துவதற்காக இவர்கள் ஓட்டுகிற ஓட்டத்தில் எத்தனையோ நாள் நான் உயிரைக் கையில் பிடித்திருக்கிறேன். அந்தக் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "என்னப்பா, பிரேக் டவுனா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

"இல்லப்பா. பிளேனுக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்கோம். நீ போ" என்றார் எங்கள் கண்டக்டர்.

அவர் எங்கள் கண்டக்டரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். காலையிலேயே ஊற்றிவிட்டான் என்று நினைத்திருப்பார்.

"மேடம், ரோடு தெரியுது. ஆனா இதுதானான்னு தெரியல."

அக்கா டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கேட்காமலேயே எல்லா விளக்கையும் போட்டார். கண்டக்டர் கதவைத் திறந்தார். மொத்தப் பேரும் இறங்கி, துண்டு, துப்பட்டா, கையில் கிடைத்ததை எல்லாம் ஆட்ட ஆரம்பித்தோம். முதலில் சத்தம் கேட்டது. பிறகு பனிக்குள்ளிருந்து கொசு மாதிரி ஒரு குட்டி விமானம் வந்தது.

"பஸ்ஸைப் பாத்துட்டேன் மேடம்! எல்லாரும் கையை ஆட்டுறாங்க!"

நாங்கள் ஆட்டியது பஸ்ஸை நிறுத்துவதற்கு ஆட்டுகிற மாதிரி. வேறு எப்படி எங்களுக்குத் தெரியும்? டிரைவர் பதறிப்போய்த் தலையை வெளியே நீட்டி, "நிப்பாட்டற மாதிரி காட்டாதீங்கய்யா, போகச் சொல்ற மாதிரி காட்டுங்க!" என்று கத்தினார். உடனே எல்லோரும் திருச்சிப் பக்கம் கையை வீசினோம். தரகர் கண்ணீரோடு அந்தப் பக்கமே கொஞ்ச தூரம் ஓடிக் காட்டினார்.

"நல்லாக் கேளுங்க" என்றார் அக்கா. "N எழுத்து நேரா வர்ற மாதிரி திரும்புங்க. இந்த ரோட்டை விட வேண்டாம். டவர்லேர்ந்து உங்களைப் பாத்துப் பச்சை வெளிச்சம் காட்டுவாங்க. விட்டு விட்டு எரியாம நிலையா எரிஞ்சா, இறங்கலாம். திருப்பிச் சொல்லுங்க."

"N எழுத்து நேரா. ரோட்டை விடமாட்டேன். பச்சை நிலையா..."

அதோடு நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அக்கா செல்போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். குட்டி விமானம் எங்கள் தலைக்கு நேராகத் திரும்பி ரோட்டோடு போய்ப் பனிக்குள் மறைந்தது. இனி என் காதில் இருந்த செல்போன்தான். அந்தப் பக்கம் இருந்தவர், "இன்னும் தெரியல" என்றார். "இன்னும் தெரியல" என்று நான் சொன்னேன். ரோட்டோரத்தில் அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். அவர் மறுபடி, "இன்னும் தெரியல" என்றார். நான் சொன்னேன். கண்டக்டர் ரோட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தெரியுது. பச்சை காட்டிட்டோம்."

சொன்னேன்.

"வருது... வருது... ஓடுபாதையத் தொட்டாச்சு. நின்னாச்சு."

அதை நான் சொன்னேனா, கத்தினேனா, அழுதேனா என்று எனக்குத் தெரியாது. கண்டக்டர் டிரைவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காலில் சாம்பார் பட்டவரும் தூக்குக்காரம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே கோபுரத்துப் போனில் பேசினாள். அக்கா என் செல்போனை வாங்கிக்கொண்டார்.

"மேடம், எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அப்புறம் பறக்கவே விடமாட்டாங்க."

"நான் சொல்ல மாட்டேன். இந்த பஸ்ல இருக்கிறவங்களுக்கு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது" என்றார் அக்கா. செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "நீங்க கிளம்புங்க" என்று கண்டக்டரிடம் சொன்னார்.

"மேடம், நீங்க?"

"இன்னைக்கு நான் டியூட்டி பாக்க மாட்டேன். வீட்டுக்குப் போறேன்."

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். என் கடை எங்கே போகப் போகிறது என்று நானும் பின்னாலேயே போனேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பியது. ஜன்னல் பூராவும் கைகள். அக்கா ஒரு சின்னப் பாலத்தின் சுவரில் உட்கார்ந்தார், உட்காரும்போதே தடுமாறினார். நான் பிடித்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. மணிக்கட்டில் நாடி, கையில் பிடித்த கோழிக்குஞ்சின் நெஞ்சு மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் அது அப்படித்தான் அடித்திருக்கிறது. எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது, சொல்லத் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு கீழ இறங்குறேன்னு சொன்னப்ப" என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு கேட்டார். "என் குரல் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்கா இருந்துச்சு."

"நிஜமாவா?"

"நிஜமா."

அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். வயல் பக்கம் நின்ற கொக்குகள் எழும்பிப் பறக்கிற அளவுக்குச் சத்தம். கீரனூர் பஸ் ஒன்று வந்து எங்கள் முன்னால் நின்றது. நான் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அடுத்ததும் வந்தது. அதையும் போகச் சொன்னேன்.